பதினாலாம் நம்பர் டேப்லெட்டின் கேள்வி

1

திங்கட்கிழமை மதியம் கேண்டீனில் உருளைக்கிழங்கு சாலடை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு ஃப்ளெக்ஸ் படம் வந்து விழுந்தது. மஞ்சள் பின்னணி. நடுவில் கோட்டு சூட்டோடு என் முகம், எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வெள்ளையாக. மேலே 'கேள்விப் பலகை மூன்றாம் ஆண்டு விழா'. கீழே 'கல்வி வள்ளல், எங்கள் ஊரின் தவப்புதல்வர்' என்று போட்டு, என் பெயருக்குப் பின்னால் ஜெர்மனி என்பதையும் ஒரு பட்டம் மாதிரி ஒட்டியிருந்தார்கள்.

அனுப்பியவர் ஹெச்.எம். எங்கள் ஊர் ஜில்லா பரிஷத் ஹைஸ்கூலின் தலைமை ஆசிரியர். கூடவே ஒரு குரல் செய்தி. "நமஸ்காரம் சார். விழா சனிக்கெழம. நீங்க வர முடியாதுன்னு தெரியும். ஒரு அஞ்சி நிமிஷம் வீடியோல பேசி அனுப்பிடுங்க. தலைப்பு, கேள்வி கேட்கும் மாணவரே நாளைய விஞ்ஞானி. பசங்க ரொம்ப ஆசையா எதிர்பார்த்துக்கினு கீறாங்க சார்."

பசங்களாம். அந்தப் பசங்களில் பதினாலாம் நம்பர் இப்போது காலி. அவள் பெயர் லாவண்யா. இந்தப் பிப்ரவரியில் ஒரு கேள்வி கேட்டாள். மார்ச்சில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அவளாக நிற்கவில்லை, நிறுத்தப்பட்டாள், அதில் பெரும்பங்கு என்னுடையது. ஹெச்.எம்.முக்கு அது தெரியும், என் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைக்கிறேன்.

அவர் கேட்ட உரையை நான் பேசவில்லை. பேசாமல் போன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். ஆந்திராவில், நாராயணவனத்திலிருந்து புத்தூர் போகிற பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை எழுதத் துணிந்தவனுக்கு அந்தத் துணிச்சல் மட்டும் வரவில்லை.

2

ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கார் பிரேக்குக்கு எழுதப்படுகிற மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. அதாவது, 'இப்படி ஆனால் என்ன செய்வாய்? அப்படி ஆனால் என்ன செய்வாய்?' என்று காலையிலிருந்து மாலைவரை ஒரு இயந்திரத்தைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறேன்.

நான் படித்த பள்ளியில் கேள்வி என்றால் வாத்தியார் கேட்பது. பதில் என்றால் நோட்டில் இருப்பது. எட்டாம் வகுப்பில், மலைமேல் ஏறினால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், சூடு கூடாமல் குளிர்வது ஏன் சார் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "ஏன்டா, என்ன டெஸ்ட் பண்றியா?" என்றார் சயின்ஸ் சார். பீரியட் முடிகிறவரை வெளியே ஜல்லிமேல் முட்டி போட்டேன். காரணம் பின்னால் காலேஜில் தெரிந்துகொண்டேன். முட்டியில் பதிந்த ஜல்லியின் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் கேள்விப் பலகையைச் செய்தேன். நல்லெண்ணம், சமூகக் கடமை என்றெல்லாம் அப்போது மேடையில் பேசினேன். உண்மையில் அது வெறும் ரோஷம். தமிழ் மீடியப் பிரிவின் ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தொடுதிரைப் பலகை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட், அதன் முதுகில் நம்பர். பாடம் நடக்கும்போது என்ன தோன்றினாலும் தமிழிலோ தெலுங்கிலோ அதில் எழுதலாம். எழுதியது பலகையில் வரும், பெயர் வராது. யார் கேட்டது என்று வாத்தியாருக்கே தெரியாது. நம்பரும் பெயரும் சேர்ந்த பட்டியல் என்னிடம் மட்டும். கேள்விகள் என் போனுக்கும் வரும். கெட்ட வார்த்தை எழுதினால் நீக்குவதற்கு ஒரு பொத்தான் வைத்தேன், அதுவும் என் கையில் மட்டும்.

சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்க ஒரு வருஷம் ஆனது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அதை மாட்ட அனுமதி வாங்க அதைவிட அதிகம் ஆனது. சித்தூருக்கு விண்ணப்பம் போட்டேன். நடுவில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். எங்கள் மண்டலம் திருப்பதிக்குப் போனது, என் பேப்பர் சித்தூரிலேயே தங்கிவிட்டது. லீவில் வந்து இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தேன். கடைசியில் ஒரு மேஜைக்காரர் காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எந்துக்கு சார்?" என்றார். எதற்காக இதெல்லாம் என்று. "சர்பஞ்ச் எலக்ஷன்ல நிக்கப் போறீங்களா?"

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், இந்த விவகாரம் முழுக்க என்னை உருப்படியாகக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

3

முதல் வருஷம் வாரத்துக்கு ஏழெட்டுக் கேள்விகள் வந்தன. தேளுக்கு எத்தனை கண். கரண்ட் கம்பியில் உட்காரும் காக்கா ஏன் சாவதில்லை. ஒவ்வொன்றையும் ரயிலில் படித்துச் சிரித்தபடியே வேலைக்குப் போவேன். அதோடு விட்டிருக்க வேண்டும். நான் சோதனைக்காரன், எனக்கு எண்ணிக்கை வேண்டும். "என்ன சார், இந்த வாரம் ஆறுதானா?" என்று ஹெச்.எம்.முக்கு எழுதினேன். இரண்டு மூன்று முறை எழுதினேன்.

எண்ணிக்கை ஏறியது. சும்மா ஏறவில்லை, நாளுக்கு நாற்பது ஐம்பது என்று பிய்த்துக்கொண்டு ஏறியது. அதை வரைபடமாகப் போட்டு அலுவலகத்தில் காட்டினேன். ஜெர்மன்காரர்கள் தோளைத் தட்டினார்கள். ஒருத்தர் கண்கலங்கினார் என்றுகூட ஞாபகம். கேள்விகளைப் படிப்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. கோடு மேலே போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் நேரில் போனேன். பலகைக்குப் பக்கத்தில் சார்ட் பேப்பரில் அழகாகக் கோடு போட்டு ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தலைப்பு: 'கேள்வி டூட்டி'. திங்கள், ஒன்றிலிருந்து ஐந்து. செவ்வாய், ஆறிலிருந்து பத்து. வகுப்பைப் பெருக்குகிற டூட்டி, தண்ணீர்க் கேனை ரொப்புகிற டூட்டி, அதற்குக் கீழே இது. டூட்டிக்காரப் பிள்ளைகள் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடத்துக்குப் பின்னாலிருக்கிற கேள்விகளை வரிசையாக டேப்லெட்டில் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குப் பத்து. 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' 'சிறு குறிப்பு வரைக.' ஒரு பையன் 'அல்லது' என்பதைக்கூட ஒரு கேள்வியாக அனுப்பியிருந்தான்.

ஹெச்.எம். பெருமையாக நின்றார். பக்கத்தில் கணக்கு சார், தெலுங்குக்காரர். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "மீரே கதா சார் அடிகிந்தி." நீங்கள்தானே சார் கேட்டீர்கள் என்று. நக்கல் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. நான் கேட்டேன், அவர்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சூட்டில் பிள்ளைகளைப் பார்த்து ஒரு பிரசங்கம் செய்தேன். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. "கைடத் தூக்கிப் போடுங்க. உங்க கண்ணால பாத்தத கேளுங்க. உங்க ஊரப் பத்திக் கேளுங்க. யாரப் பத்தி வேணா கேளுங்க, பேரு வெளிய வராது. நீங்க இன்னா கேட்டாலும் நான் பதில் சொல்றேன். இது என் சத்தியம்." பட்டியலைச் சர்ரென்று கிழித்து எடுத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மட்டும் தட்டாமல், நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

4

திரும்பி வந்ததும் இங்கே எனக்கு ஒரு பரீட்சை. மகள் தாரிணியின் அரையாண்டு மதிப்பெண்ணைப் பேச அவள் வகுப்பாசிரியை கூப்பிட்டிருந்தார். தாரிணிக்குப் பதினாலு வயது. இந்த நாட்டில் பரீட்சைப் பேப்பருக்குப் பாதி மதிப்பெண்தான். மீதி, வகுப்பில் வாயைத் திறப்பதற்கு. கை தூக்கினாளா, கேள்வி கேட்டாளா, மறுத்துப் பேசினாளா என்று கணக்கு வைக்கிறார்கள். எழுத்தில் தாரிணிதான் வகுப்பில் முதல். வாய்க்குக் கிடைத்தது நாலு. இங்கே ஒன்று என்றால் பிரமாதம், நாலு என்றால் தொங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"தெரிந்தும் பேசமாட்டேன் என்கிறாள். வீட்டில் எப்படி?" என்று கேட்டார் ஆசிரியை.

மரியாதை தெரிந்த பிள்ளை என்று சொல்ல நினைத்தேன். பதினேழு வருஷம் ஆகியும் அவசரத்துக்கு ஜெர்மன் சொல் வராது. வாயில் வந்த சொல்லுக்கு, சொன்னதைச் செய்கிறவள், கீழ்ப்படிகிறவள் என்று பொருள். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றார்.

சமாளிக்கவேண்டுமே. போனை எடுத்து எங்கள் ஊர்க் கேள்விப் பலகையைக் காட்டினேன். பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பதுதான் என் வாழ்க்கை லட்சியம் என்று வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் தாரிணி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டிராமில் அவள் பேசினாள். பாதி ஜெர்மன், மீதி அவளுடைய ஓட்டைத் தமிழ். "அப்பா, நீ அங்க பிள்ளைங்களுக்கு கேளு கேளு சொல்ற. நான் கேட்டா வாய மூடு சொல்ற. அது எப்படி?"

"எப்பம்மா சொன்னேன்?"

"பெரியப்பா ஏன் அவங்கள நம்ம வீட்டு டம்ளர்ல தண்ணி குடிக்க விடல, நான் கேட்டேன். தோப்புல வேலை செஞ்சவங்க. நீ சொன்ன, வாய மூடுன்னு. எல்லார் முன்னாடி."

மூன்று வருஷத்துக்கு முந்தைய லீவு அது. நான் மறந்தே போயிருந்தேன். அது ஞாபகத்துக்கு வருவதற்கே இரண்டு ஸ்டாப்பிங் ஆனது. அதற்குள் அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். இந்த ஊரில் என் பெண் என்னிடமிருந்து விலகிப் போகிறாள், பாஷை போய்விட்டது, பழக்கம் போய்விட்டது என்று சிநேகிதர்களிடம் புலம்புவேன். அவளை விரட்டிவிட்டவன் யார் என்பது எனக்கு அந்த டிராமில்தான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்? பத்தாவது நாள் என் லட்சணம் தெரிந்துவிட்டது.

5

பிப்ரவரியில் ஒரு நாள், காலை ஆறரை மணி ரயில். அங்கே பதினொரு மணி, சோஷியல் பீரியட். வானத்திலிருந்து எடுத்த எங்கள் ஊர்ப் படத்தைப் பலகையில் போட்டு சார் பாடம் நடத்தியிருக்கிறார். பதினாலாம் நம்பரிலிருந்து கேள்வி வந்தது. அப்படியே தருகிறேன்.

'மலையிலிருந்து ஏரிக்கு வரும் கால்வா படத்துல மாந்தோப்பு வேலி வரிக்கும் கீது. தோப்புக்கு அந்தாண்ட மறுபடியும் கோடு மாதிரி கீது. நடுவுல கால்வா எங்க போச்சி? அது இல்லாததாலதான் ஏரி ரொம்ப மாட்டேங்குதா? எங்க காலனி போர்ல தண்ணி வராததுக்கு அதான் காரணமா?'

வேலை பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாராவது எழுதினால் எழுந்து நின்று பாராட்டுவேன். பார்த்திருக்கிறாள், ஒப்பிட்டிருக்கிறாள், காரணம் ஊகித்திருக்கிறாள், அதையும் சரியா என்று கேட்கிறாள். கைடில் இல்லாத கேள்வி. மூன்று வருஷமாக இந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன்.

அந்த மாந்தோப்பு எங்களுடையது. நான் ஜெர்மனி வந்த பிறகு அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கியது. வாங்கின அடுத்த வருஷம் அண்ணன் ஜே.சி.பி. வைத்து நடுவிலிருந்த கால்வாயைத் தூர்த்து, சமன் செய்து, கன்று நட்டார். அது புறம்போக்கு. எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் அப்போது லீவில் இருந்தேன். ஜே.சி.பி. ஓட்டியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

மத்தியானம் கேண்டீனில் ஹெச்.எம். கூப்பிட்டார். "சார், ஒரு சின்ன விஷயம். உங்க அண்ணாரு ஸ்கூலுக்கு வந்துட்டாரு. யாரோ பையன் வூட்ல சொல்லிட்டான் போல. அந்தக் கேள்விய எடுத்துட்டீங்கன்னா... பட்டன் உங்ககிட்டதான கீது." அவர் பேசி முடிப்பதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய், இன்னாடா நடக்குது? உன் பலகையில என் தோப்புக்குக் கணக்குக் கேக்குது ஒரு காலனி குட்டி."

"காலனின்னு எப்பிடிண்ணா தெரியும்?"

"எங்க காலனி போருன்னு எழுதிக்கீதே, கண்ணு தெரியலையா எனக்கு? அங்கிருந்து நாலு பொண்ணுங்க படிக்குதுங்க. எது கேட்டுச்சி, அத்த மட்டும் சொல்லு."

"பேரு சொல்ல முடியாதுண்ணா. அது பிள்ளைங்களுக்கு நான் குடுத்த வாக்கு."

"வாக்கா? சர்வேயரு வந்து நின்னா உன் வாக்கு வந்து பதில் சொல்லுமா? உன் பங்கும் அதுலதான்டா கீது. நான் ஒண்ணியும் பண்ண மாட்டன். கூப்ட்டு புத்தி சொல்லி அனுப்புறன். இல்லைன்னா நாலு வூட்டுக்கும் போய் கேக்கறன், அது நல்லா இருக்குமா?"

நான் சொல்லிவிட்டேன்.

நாலு வீட்டைக் காப்பாற்ற ஒரு வீட்டைச் சொன்னேன் என்று அன்றைக்கே ஒரு சப்பைக்கட்டு தயார் செய்துகொண்டேன். அதெல்லாம் சும்மா. அண்ணன் அதட்டினார், எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, சொல்லிவிட்டேன். பிறகு பொத்தானை அழுத்திக் கேள்வியை நீக்கினேன். கெட்ட வார்த்தைக்காக வைத்த பொத்தான். அதற்குமுன் அதை ஒரு தடவைகூட அழுத்த வேண்டி வந்ததில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு கெட்ட வார்த்தையும் எழுதியதில்லை.

லாவண்யாவின் அப்பா முனிரத்தினம் எங்கள் தோப்பில்தான் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். புத்தி சொல்வது என்றால் எங்கள் வீட்டில் அதுதான். மார்ச் முதல் வாரம் லாவண்யாவை ஏர்பேடு பக்கம் இருக்கிற அவள் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தமிழ் மீடியம் கிடையாது. சின்னம்மாவுக்குக் கைக்குழந்தை. இதையெல்லாம் ஹெச்.எம். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வொர்ரி ஆவாதீங்க சார், நம்பர் பதினாலு வேற பொண்ணுக்குக் குடுத்துடலாம்" என்று ஆறுதல் சொன்னார்.

6

இந்த வியாழக்கிழமை வீடியோ எடுக்க உட்கார்ந்தேன். கோட்டு மாட்டிக்கொண்டு, பின்னால் புத்தக அலமாரி தெரிகிற மாதிரி. தாரிணி போனைப் பிடித்துக்கொண்டாள். 'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே' என்று ஆரம்பித்தேன். நாலு தடவை ஆரம்பித்தேன். ஐந்தாவது தடவை அவள் போனைத் தாழ்த்திவிட்டு, வகுப்பில் செய்கிற மாதிரி இன்னொரு கையைத் தூக்கினாள். வாய்க்கு இந்தத் தடவை இரண்டு வாங்கியிருக்கிறாள், பழக்கம் வந்துவிட்டது.

"என்ன?"

"இதுவரை வந்ததுல ரொம்ப நல்ல கேள்வி எது அப்பா? அத சொல்லேன். இது போரா இருக்கு."

சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன் என்றால் பொய். பெயரைக் கொடுத்ததை மட்டும் கடைசியில், அவள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அவளுக்கு எத்தனை வயசு?"

"உன் வயசுதான்."

"பதில் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீ ஏன் இன்னும் கோட்டு போட்டுட்டு இருக்க?" என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, நீக்கிய கேள்வியை மறுபடி பலகையில் ஏற்றினேன். கீழே என் பெயரைப் போட்டுப் பதில் எழுதினேன். 'கால்வாய் எங்கேயும் போகவில்லை. எங்கள் தோப்பில் மூன்றாவது வரிசை மாமரங்களுக்குக் கீழே இருக்கிறது. என் அண்ணனும் நானும் மூடினோம். ஏரி நிரம்பாததற்கு அது ஒரு முக்கியமான காரணம். ஏரி நிரம்பாவிட்டால் காலனி போரில் தண்ணீர் ஊறாது. நீ நினைத்தது சரி.' வீடியோவுக்குப் பதில் இதுதான் என் உரை, மேடையில் வாசியுங்கள் என்று ஹெச்.எம்.முக்கு எழுதினேன்.

பதில் அண்ணனிடமிருந்துதான் வந்தது. "நீ இனிமே இந்தப் பக்கம் வந்துடாத. வந்தன்னா நான் மனுசனா இருக்க மாட்டன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விழாப் படங்கள் வந்தன. அதே மஞ்சள் ஃப்ளெக்ஸ். என் முகம் இருந்த இடத்தில் வேறு படம் ஒட்டியிருந்தது, அண்ணனுடையது, சால்வையோடு. 'கல்வி வள்ளல்' அப்படியே இருந்தது, ஜெர்மனியை மட்டும் வெள்ளைத் தாளால் மறைத்திருந்தார்கள். பின்னால் கேள்விப் பலகைக்கு யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் முழுக்க என் பதில் அதில் இருந்ததாம். பிள்ளைகள் எல்லோரும் படித்தார்களாம். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. டூட்டிக் கேள்விகூட இல்லை.

7

கேட்டவளுக்குப் பதில் போய்ச் சேரவில்லையே. ஹெச்.எம்.மிடம் முனிரத்தினத்தின் நம்பரைக் கேட்டேன். நமஸ்காரம் இல்லை, சார் இல்லை. பத்து இலக்கம் மட்டும் வந்தது. அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும். அந்த மனுஷனால் அவ்வளவுதான் முடியும் என்று நினைக்கிறேன். அதுவும் என்னால் முடிந்ததைவிட அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன். இன்னார் பேசுகிறேன் என்றதும் அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருப்பார்.

"சின்னவரே! சொல்லுங்க. நல்லா கீறீங்களா? பாப்பா நல்லா கீதா?"

மன்னிப்புக் கேட்கத் தயார் செய்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். லாவண்யா கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன், அவளிடம் சொல்லவேண்டும், பள்ளிக்கு அவள் திரும்பி வர என்ன வேண்டுமோ நான் செய்கிறேன் என்று குழறினேன்.

"எந்தக் கேள்விங்க?"

"கால்வாய் எங்க போச்சின்னு..."

"அதுங்களா." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "அது எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதுங்களா சின்னவரே? ஜே.சி.பி. தள்ளினப்புறம் கரையெல்லாம் கடப்பாறை போட்டுச் சமன் பண்ணது நாங்க ஆறு பேருதான. நீங்ககூட வந்து நின்னுக்கினு இருந்தீங்க. எங்களுக்கும் டீ சொன்னீங்க."

எனக்கு ஜே.சி.பி.க்காரர் மட்டும்தான் ஞாபகம் இருந்தார்.

"வூட்லயும் கேட்டுச்சிங்க. ஸ்கூல்ல கேக்கறதுக்கு முந்தின நாளே. நைனா, உனக்குத் தெரியுமான்னு கேட்டுச்சி. நான்தான் வாய மூடுன்னு ஒரு அற வெச்சேன். அப்புறம் நீங்க சத்தியம் பண்ணிக்கீறீங்கன்னு நோட்ட எடுத்துக் காட்டுச்சி. அந்த தைரியத்துலதான் அங்க போயி எழுதிட்டுது. சின்னப் புள்ள, தப்பா நெனச்சிக்காதீங்க."

"பள்ளிக்கூடத்துக்கு மறுபடி..."

"பெரியவரு அடுத்த வாரத்துலருந்து தோப்புக்கு வரச் சொல்லிக்கீறாருங்க. நேத்து ஆளு அனுப்பிச்சாரு. இப்போ போயி நீங்க ஒண்ணியும் கேட்டுக் கீட்டு வெக்காதீங்க, புண்ணியமாப் போவும்." நான் அழுகிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "நீங்க வருத்தப்படாதீங்க சின்னவரே. அது நல்லா கீதுங்க. இப்போல்லாம் ஒண்ணியுமே கேக்கறதில்ல."